தலை ஒடிந்த சாய்வெழுத்து

அந்த அச்சுக்கூடத்தில் என்னை வேலைக்கு வைத்தது தாள் மடிக்கத்தான். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி நடந்து, பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்தக் கூடத்துக்குப் போவேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளைப் பிரித்து, எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போடுகிற வேலையும் இரண்டாம் வருஷமே எனக்கு வந்துவிட்டது. ஆண்கள் வீசிப் போடுவார்கள், நான் வைப்பேன். அதுதான் காரணம்.

முதலாளி மதராஸிலிருந்து வரவழைத்த ஒரு இங்கிலீஷ் எழுத்து அங்கே இருந்தது. சாய்வெழுத்து என்போம். மற்ற எழுத்தெல்லாம் தூண் மாதிரி நிற்கும். இது காற்றில் லால்குடி நெற்பயிர் சாய்வதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். மெலிந்த உடம்பு. கோடு ஏறும்போது மயிரிழை, இறங்கும்போது கொஞ்சம் சதை. ஒவ்வொரு காலின் நுனியிலும், பேனாவைத் தூக்கும்போது விழுமே, அப்படி ஒரு சின்ன இழுப்பு. நாடக நோட்டீசுக்கும் சமயபுரம் திருவிழா நோட்டீசுக்கும் அதைத் தொடமாட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காணாமல் போய்விடும். கையில் வைத்துக் கிட்டத்தில் பார்க்கிற காகிதத்துக்குத்தான் அது. கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கம், வக்கீல்கள் நீட்டுகிற பேர்ச்சீட்டு, ரயில்வே துரைகளின் விருந்து அழைப்பு.

அதில் ஒரு எழுத்துக்குத் தலை கொக்கிபோல் வளைந்து, ஈயக் கட்டையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கட்டிலுக்கு வெளியே கால் நீட்டித் தூங்குகிறவன் மாதிரி. பக்கத்தில் குட்டை எழுத்து நின்றால் இடம் உண்டு. நெட்டை நின்றால் இடித்து ஒடியும். அதனால் எழுத்தை வார்த்தவர்களே, கொக்கியையும் அதன் பக்கத்தில் வரக்கூடிய நெட்டையையும் சேர்த்து ஒரே கட்டையாக வார்த்து அனுப்பியிருந்தார்கள். நான் அவற்றை இரட்டை என்பேன். எழுத்துப் பெட்டியின் மூலையில் அவற்றுக்குத் தனி அறை. காகிதத்தில் நேராக நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது. ஈயத்தில் இடவலம் மாறி நின்றால், கண்ணை மூடினாலும் விரல் சொல்லும்.

ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. எழுத்துக் கோக்கிற பழைய கம்பாசிட்டர் ஊருக்குப் போயிருந்ததால், புதிதாகச் சேர்ந்தவர் கோத்தார். மெட்ரிக் வரை படித்தவர், சட்டைப்பையில் பேனா. பாதித் தாள் ஓடியபோது மிஷின்காரர் நிறுத்திவிட்டார். நாலு இடத்தில் கொக்கிக்குத் தலை இல்லை. முதலாளி வந்து பார்த்தார். கம்பாசிட்டர் யோசிக்கக்கூட இல்லை. அந்தம்மா பிரிக்கும்போது கீழே போட்டிருக்கும், விரிசல் விட்டதை அப்படியே அறையில் போட்டிருக்கும் என்றார்.

முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னதை இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்.

"எழுத்து வாசனை இல்லாத கையில எழுத்தைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளையிலேருந்து நீ வராதேம்மா."

மடிக்கிற பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். வேலை போவது ஒரு பக்கம். எழுத்தை உடைத்தவள் என்று பேர் வந்தால் திருச்சியில் எந்த அச்சுக்கூடத்திலும் படியேற முடியாது. நான் அழவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு போய், அந்தப் பெட்டியையே உருவி எடுத்துவந்து அவர் முன்னால் கல்மேடையில் வைத்தேன்.

"இந்த மூலை அறையைப் பாருங்க முதலாளி. இரட்டை எல்லாம் நேத்து நான் அடுக்கினபடியே இருக்கு. இவரு ஒண்ணுகூட எடுக்கல. தனித்தனியா கோத்து இறுக்கி முடுக்கியிருக்காரு. ஒடிஞ்ச நாலுக்கும் பக்கத்துல யாரு நிக்கிறான்னு தடவிப் பாருங்க."

அவர் தடவவில்லை. மிஷின்காரர் தடவினார். நாலுக்கும் பக்கத்தில் நெட்டைதான். குட்டைக்குப் பக்கத்தில் நின்ற கொக்கியெல்லாம் தலையோடு இருந்தன. கம்பாசிட்டர், பள்ளிக்கூடத்தில் ஒட்டின எழுத்தென்று ஒன்றும் சொல்லித்தரவில்லையே என்றார். "பேனா குத்திக்க மட்டும் சொல்லித்தந்தாங்க போல" என்றாள் மடிக்கிறவர்களில் ஒருத்தி.

முதலாளி கனைத்தார். கம்பாசிட்டரிடம் இனிமேல் பார்த்துச் செய்யப்பா என்றார், அதுவும் சிரித்துக்கொண்டு. என்னிடம் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார் என்றார். அவ்வளவுதான். செய்தவனுக்குச் சிரிப்பு, செய்யாதவளுக்கு வராதே என்ற சொல். எனக்கு உச்சி வரை எரிந்தது.

"வராதேன்னு இத்தனை பேருக்கு முன்னால சொன்னீங்க. தப்பு என்மேல இல்லைன்னும் இவங்க முன்னாலயே சொல்லுங்க. அப்புறம் தொடறேன்."

பெரிய வக்கீலம்மா என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் தாள் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டேன். பத்திரிகை சாயங்காலம் போயாக வேண்டும். கம்பாசிட்டர் மூலை அறையைக் கிளறினார். ஐந்து விதமான இரட்டை, ஈயத்தில் ஒன்றுக்கொன்று மயிரிழைதான் வித்தியாசம். இரண்டு முறை புரூஃப் எடுத்தார். இரண்டிலும் தப்பான இரட்டை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணிக்கு முதலாளி வெளியே வந்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, தப்பு அந்தம்மா மேல இல்லை என்றார்.

"காலண்டருக்கு எதுக்குங்க சொல்றீங்க?" என்றேன்.

அப்புறம்தான் திரும்பி, பெண்களைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார். எழுந்துபோய், ஒடிந்த நாலையும் அதனதன் பக்கத்து நெட்டையையும் விரலால் தடவிப் பார்த்து, நாலு இரட்டையையும் பொறுக்கி வைத்தேன்.

பத்திரிகை அழகாகத்தான் வந்தது, அதை மறுக்கமாட்டேன். வக்கீல் வீட்டு மனிதர் வந்து கம்பாசிட்டரின் கையைக் குலுக்கி இங்கிலீஷில் என்னவோ புகழ்ந்தார். அவரும் கூசாமல் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் சாய்வெழுத்து கோக்கும்போதெல்லாம், அம்மா அந்த இரட்டை என்று என்னிடம் கை நீட்டுவார். எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அங்கே இருந்த வரைக்கும் ஒரு நாளும் அவர் கையில் கொடுத்ததில்லை. கல்மேடையில் வைப்பேன். குனிந்து எடுத்துக்கொள்ளட்டும்.