நிசாம் நானாவின் சிவப்புத் துணி

செய்தி வந்தபோது நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து படகு மூடியின் ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். அடுப்பில் மாமியாருக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நாவுலயிலிருந்து சுனில் பேசினான். நம்மில், நாம் படகு விடும் குளத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பவன் அவன். சிங்களவன் என்றாலும் நன்றாகத் தமிழ் பேசுவான். ஆனாலும் அன்றைக்கு அவனுக்கு வார்த்தை வரவில்லை. "அக்கா, முதலாளி... நம்ம நிசாம் முதலாளி..." என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான். எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கிரீஸை எதில் துடைப்பது என்று தோன்றாமல் சேலைத் தலைப்பிலேயே துடைத்தேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை. துவைக்கவும் அலுப்பாக இருக்கிறது.

மாத்தளைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்த நிசாம் நானாவை ஊருக்கே தெரியும். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கே போனார் என்பதுதான் பலருக்குத் தெரியாது. நாம் நாலைந்து பேர் முழ நீளத்துக்கு சப்மரீன் படகு செய்து, நாவுலப் பக்கத்துக் குளத்தில் இறக்கி, கரையில் நின்று ரேடியோ செட்டால் ஓட்டி, ஒன்றையொன்று மூழ்கடித்து விளையாடுகிறோம் என்றால் இப்போதும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர்தான் பழைய செட் ஒன்றை வாங்கி வந்து இதைத் தொடங்கினார். அவருக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை. குக்கர் மூடியின் ரப்பரைப் பார்த்துப் பார்த்துத்தான் தண்ணீர் புகாமல் மூடப் பழகினேன்.

நம்மை அறியாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. தண்ணீர்க் குழாய்தான் படகின் உடம்பு. உள்ளே பேட்டரி, மோட்டார், பெரிய சிரிஞ்ச் ஒன்று. சிரிஞ்ச் தண்ணீரை உறிஞ்சினால் படகு இறங்கும், வெளியே தள்ளினால் ஏறும். குழாயின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அறைகள் இருக்கும். எதிரியின் பேனா அளவு டார்பிடோ ஸ்பிரிங் விசையில் பாய்ந்து வந்து, முனையிலுள்ள ஊசியால் அந்தத் தாளைக் கிழித்தால் அறை நிறைந்து படகு மூழ்கும். அது அடி. மூடி வழியாகத் தண்ணீர் தானாகக் குழாய்க்குள் போய் மூழ்கினால் அது கசிவு. கசிவுக்கு யாருக்கும் புள்ளி கிடையாது. எழுதி வைப்பது என் பொறுப்பு.

நிசாம் நானாவின் படகுகள் கசிந்தன. ஒன்று விடாமல் எல்லாம் கசிந்தன. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். கடையில் விலைபோகாமல் கிடந்த, சாயம் போகிற சிவப்புத் துணியில் ஒரு துண்டு வெட்டி வெள்ளைக் குழாய்க்குள் போடுவார். திறந்து பார்க்கும்போது தண்ணீர் புகுந்த பக்கம் சிவந்திருக்கும். "துணிக்காரனுக்கு துணிதான் சாட்சி" என்பார். என் படகிலும் ஒரு துண்டு போடச் சொல்லி எத்தனையோ தடவை நீட்டினார்.

"எனக்கு வேணாம் நானா, நம்மளது கசியாது."

"கசியாதுன்னு யாரு சொன்ன? பாக்குறதில்லன்னு சொல்லுங்க தங்கச்சி."

அவர் படகு தானாக மூழ்கும் ஒவ்வொரு தடவையும் என் பக்கத்தில் வந்து நின்று கெஞ்சுவார். "நீங்க அடிச்சு முங்கினதுன்னு எழுதுங்க. தானா முங்கினா மரியாத இல்லயே." நான் கசிவு என்றுதான் எழுதுவேன். "இந்த அம்மாகிட்ட கணக்கக் குடுத்தது யாருடா?" என்று சுனிலிடம் கத்துவார். அவன், "முதலாளிதானே குடுத்தீங்க" என்பான். உண்மையில் கணக்கை என்னிடம் கொடுக்கச் சொன்னவர் அவரேதான்.

ஒரு முறை புத்தம் புதிய ரேடியோ செட் ஒன்றை வாங்கி வந்தார். புதுச் செட்டின் அலை தண்ணீருக்குள் போகாது, நீள ஏரியல் வைத்த பழைய செட்டுதான் நமக்கு ஆகும் என்று எல்லோரும் சொன்னோம். "கடக்காரன் முதல் தரமான சாமான்னு சொன்னான்" என்றார். "அவன் ஆகாசத்துல பறக்குறதுக்குச் சொல்லியிருப்பான் நானா" என்றேன். கேட்கவில்லை. படகு அழகாக இறங்கியது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அதன் காதில் விழவில்லை. சுனில் முங்கித் தேடி எடுத்து வந்து கொடுத்தபோது, "என்ட பிள்ளைங்க மாதிரியே இதுவும்" என்று அவரே முதலில் சிரித்தார்.

குண்டுகள் வெடித்து நாட்டில் பயம் இருந்த அந்த வருசத்தையும் சொல்ல வேண்டும். கம்பியும் பேட்டரியும் வைத்த குழாயைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு முஸ்லிம் மனிதர் பஸ் ஏற முடியாத காலம் அது. அவர் குளத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் சீட்டித் துணி வாங்கக் கடைக்குப் போனேன். பில் போட்டுக்கொண்டே மெல்லக் கேட்டார். "தங்கச்சி, இத நான் தூக்கிட்டுப் போனா ஊர் நாலு விதமாப் பேசும். நீங்க கொண்டு போவீங்களா?" அன்றிலிருந்து இரண்டு படகும் என் பையில்தான் போயின. மேலே தேங்காயும் வெற்றிலையும் வைத்துக்கொள்வேன். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, கோயிலயே பேத்து எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். பயம் தெளிந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. மூழ்கடிக்கப்போகிற படகை நானே சுமந்துகொண்டு போனேன். தோள் வலிக்கும். இப்போது ஒரு படகுதான். அப்படியும் தோள் வலிக்கிறது.

கார்த்திகையில் நடந்ததுதான் அவருடைய கடைசி ஆட்டம். வானம் இருண்டிருந்தது. இரண்டு படகும் கலங்கிய தண்ணீருக்குள் இருந்தன. அவர் படகின் கம்பத்தில் கொடியாகக் கட்டியிருந்த சேலைக் கரைத் துண்டு ஒரு கணம் மேலே தெரிந்தது. நான் டார்பிடோவை விட்டேன். கொடி இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. சுனில் முங்கித் தேடினான், கிடைக்கவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"தெரியல நானா."

"தெரியலன்னு எழுத எடமிருக்கா?"

இல்லை. அந்த வரியைக் காலியாக விட்டேன். அந்த வாரமே குளம் நிறைந்து வழிந்தது.

தை மாதத்தில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. இரத்தம் சுத்தம் செய்ய கண்டிக்குப் போவதும் வருவதுமாக ஆளே பாதியாகிவிட்டார். நான் போகும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டார். "தண்ணி எறங்கிச்சா?" அவர் மனைவி சபீனாவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்குக் கோபம் வரும். "மனுசன் தன்ட ஒடம்பப் பத்தி ஒரு வார்த்த கேக்குறதில்ல. அந்தக் கொழாயப் பத்தியேதான்."

"இந்தத் தடவ மூடிய நல்லாத்தான் பூட்டினேன் தங்கச்சி" என்றார் ஒருநாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருசமாகக் கேட்டதைக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. "நான் அடிச்சேன்னே எழுதிருவமே நானா" என்றேன். கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினார். "வேணாம். தொறந்து பாத்துட்டு எழுதுங்க."

வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் போய் நிற்பேன். தண்ணீர் இறங்க வேண்டும் என்று வாய் வரை வரும். ஆனால் அந்தக் குளத்தை நம்பி எத்தனை வயல் இருக்கிறது? ஒரு குழாய்க்காகக் குளம் வற்ற வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? அவருக்குச் சுகத்தைக் கொடு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அதுவும் கிடைக்கவில்லை. அம்மனிடம் எனக்குக் கோபமில்லை. களைப்புத்தான்.

அடக்கம் செய்ய அவரைக் கொண்டுபோன அன்று நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். யாரோ அவர் அடிக்கடி சொல்லும் ஒன்றை நினைவுபடுத்தினார்கள். "எறங்குறது பெரிசில்ல, மூடி நல்லா இருக்கணும்." அதற்கு ஏதேதோ பெரிய அர்த்தம் சொல்லி அழுதார்கள். நானா சொன்னது மூடியைப் பற்றித்தான்.

சிறுபோக நெல்லுக்கு வாய்க்காலைத் திறந்த பிறகு குளம் மெல்ல இறங்கியது. போன வாரம் சுனில் மறுபடியும் பேசினான். இந்தத் தடவை வார்த்தைக்குத் தடுமாறவில்லை. "அக்கா, வாங்க. ஆம்புட்டிருச்சு." போய்ப் பார்த்தபோது கிழிந்து போன பழைய மீன்வலை ஒன்று சேற்றில் கிடந்தது. கொடிக்கம்பம் அதில் மாட்டியிருந்தது. வலையை அறுத்துப் படகைக் கழுவினோம். இரண்டு பக்கத்துத் தாளிலும் விரலால் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. நான் அடிக்கவில்லை.

"அப்ப கசிவுதான்" என்றான் சுனில், தலையைக் குனிந்துகொண்டு.

அங்கேயே திறக்க எங்கள் இருவருக்கும் மனமில்லை. வழக்கம்போல என் பையில் வைத்து மாத்தளைக்குக் கொண்டுவந்தேன். சுனில்தான் ஆட்டோவில் கூட்டி வந்தான். மதினி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் அந்த மாதங்களில் வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார். அதனால் சுனில் வாசலுக்கு வெளியே ஆட்டோவிலேயே இருந்துகொண்டான். நான் உள்ளே போய்ப் பாயில் பழைய பேப்பரை விரித்து, மூடியைத் திருகினேன். அசையவில்லை. மதினி குழாயை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையாலும் முறுக்கினேன். டப்பென்று கழன்றது.

உள்ளே வெள்ளையாக இருந்தது. சிவப்புத் துணி, அவர் மடித்து வைத்தது வைத்தபடியே இருந்தது. எடுத்து என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா!" என்று வெளியிலிருந்து சுனில் கத்தினான். "ஈரமா?"

"காஞ்சிருக்கு சுனில்! அப்படியே காஞ்சிருக்கு!"

வெளியே ஆட்டோவின் ஹார்ன் ஒரு தடவை அடித்தது. வேண்டுமென்று அடித்தானா, கை பட்டதா என்று நான் கேட்கவில்லை.

மதினி மட்டும் நம்பவில்லை. இத்தனை வருசம் துணிக்கடைக்காரரோடு குடும்பம் நடத்தியவர். "சாயம் போகாத நல்ல துணியப் போட்டிருப்பாரு. அவர எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி எழுந்து போய், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். துணியின் ஒரு மூலையை அதில் நனைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் சிவக்கத் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் மதினி அழுதார்.

காலியாக விட்ட வரியில், அடியுமில்லை கசிவுமில்லை, வலையில் மாட்டியது என்று எழுதியிருக்கிறேன். அவருடைய படகு இனி மதினியிடம் இருக்கும். நான் அந்தத் துணியில் நனையாத பாதியைக் கேட்டு வாங்கி வந்தேன். போன ஞாயிறு அதை என் படகுக்குள் போட்டுக் குளத்தில் இறக்கினேன். என் படகு இதுவரை மூழ்கியதில்லை. கசிவு என்று என் பெயருக்கு நேரே ஒரு தடவைகூட எழுதியதும் இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தேன். பின்மூடிக்குப் பக்கத்தில், நகக்கண் அளவுக்கு, இளஞ்சிவப்பாக ஒரு கறை.

அதையும் எழுதிவிட்டேன் நானா.