சேர மறுத்த இரண்டு விளிம்புகள்

காயம் தைப்பது ஊசி பிடிக்கத் தெரிந்தவன் வேலை என்று ஊர் நினைக்கிறது. அது காத்திருக்கத் தெரிந்தவன் வேலை என்பது, என்னைப் போல இழுத்து இழுத்துக் கெடுத்த சக டாக்டர்களாகிய உங்களுக்குத் தெரியும்.

பஸ் ஓடாத காலை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் புது டாக்டர். சாலை நெடுக, மறியலுக்கு வெட்டிய மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லாமல் ஊர் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. பச்சை மர வாசனை வார்டு வரை வந்தது.

அந்த அமைதிக்குள் கோவிந்தனை வயல்வழியே மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கரும்பு வெட்டுகிறவர். மறியலுக்குப் புளியமரம் சாய்த்தபோது கோடாலி வழுக்கி, முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு நேர் மேலே, இரண்டு விரல் அகலத்துக்குத் தோலைச் சீவிவிட்டது. மூடாவிட்டால் எலும்பில் சீழ் பிடிக்கும். கால் போனால் பிழைப்பும் போகும். தொடைத் தோலை எடுத்து ஒட்டுவதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்றேன். அவர் மனைவி அஞ்சலை என்னைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்துச் சொன்னார்: “எந்த வழியா போறது சார்? இவுரு வெட்டினதுதான் குறுக்க கெடக்குது!”

வெளுப்பு

மரத்துப்போக ஊசி போட்டேன். மெத்தைத் தையல் என்று ஒன்று உண்டு: விளிம்பிலிருந்து தள்ளி ஒருமுறை, ஒட்டி ஒருமுறை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட எனக்கு மனப்பாடம். பக்க எண்ணைச் சொல்லிக்கொண்டே பலங்கொண்ட மட்டும் இழுத்து முடிச்சுப் போட்டேன். காயம் மூடியது. விளிம்பு சுண்ணாம்பாக வெளுத்தது. ரத்தம் ஓடாத தோல் மூன்றாம் நாள் கருகிவிடும்.

நர்ஸ் லில்லி கத்தரியை நீட்டினார்: “தோலும் வெளுத்துடுச்சி, நீங்களும் வெளுத்துட்டீங்க. அவுத்துடலாமா டாக்டர்?”

ரப்பர் துண்டு

அவிழ்த்தேன். இரு பக்கமும் தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் பிரித்து அதைத் தளர்த்தினேன். தள்ளித் தள்ளி நாலு பெரிய தையல். நூல் தோலை அறுக்காதிருக்க நூலுக்கு அடியில் ரப்பர் குழாய்த் துண்டு வேண்டும். ஸ்டாக் தீர்ந்திருந்தது; அது வரும் சாலையிலும் மரம். லில்லி சைக்கிள் வால்வு டியூபை வெட்டிக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார்.

பாதி இழுத்துவிட்டுக் காத்திருந்தோம். இழுவை நீடித்தால் தோல் மெல்ல மெல்லத் தானே நீளும். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. ஜன்னலில் கல்வராயன் மலை நீலப் புகையாக, இருப்பதும் இல்லாததுமாக நின்றது. இருபது நிமிடமா, ஒரு யுகமா, தெரியாது. மறுபடி இழுத்தபோது விளிம்புகள் தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல நெருங்கிவந்தன. முடிச்சுப் போட்டபோதும் விளிம்பின் ரோஜா நிறம் வெளுக்கவில்லை. கோவிந்தன் தலையைத் தூக்கிப் பார்த்தார்: “இன்னா சார், பஞ்சர் ஒட்டிக்கினு இருக்கீங்களா?”

பதினாலாம் நாள்

அதற்குள் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் போக மறுத்துவிட்டார். தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசி நூலும் வந்தது. ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு கருப்பு, மீதியெல்லாம் ஒட்டியிருந்தது. எழுந்து நில்லுங்கள் என்றேன். நின்றார். குனிந்து, உட்கார்ந்து, கரும்பின் அடியை வெட்டுவதுபோல் கையை வீசினார். காயம் பிளக்கவில்லை. அஞ்சலை முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோவிந்தன் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: “ரெண்டு பக்கத்தையும் இன்னா சொல்லி சார் ஒத்துக்க வெச்சீங்க?”

தோல் காட்டிய பெருந்தன்மைக்கு, இன்றுவரை கைராசி டாக்டர் என்ற பெயரை நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.