அப்பா குடிக்காமல் வைத்த தேநீர்

அன்பான உறவினர்களே, நண்பர்களே,

அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நல்ல குணங்களைத் தம்பிகள் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். மூத்த மகளாகிய நான் அவருடைய நோயைப் பற்றி எழுதுகிறேன். "நெனவு மலர்ல வியாதியப் பத்தியா?" என்று சித்தப்பா முகம் சுளித்தார். சுளிக்கட்டும். அப்பா இருந்திருந்தால் இதைத்தான் எழுதச் சொல்லியிருப்பார்.

அப்பா மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்தில் சிலர் சில வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். அப்பாவின் தகப்பனாரும் அந்த ரகந்தான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எவர் வீட்டில் எது கொடுத்தாலும் கை நனைப்பது என்று இளவயதிலேயே முடிவு செய்துகொண்டார். அதற்காக வீட்டில் அடியும் வாங்கியிருக்கிறார்.

பிறகு காஜா பேராங்கில் குடியேறி, வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். சைக்கிளில் புக்கிட் பாரு வரைக்கும் போவார். நம்மவர் வீடு எதுவானாலும் டின் பால் ஊற்றிய தேநீர் வரும். அப்பா ஒன்றையும் மறுத்ததில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த ஆண்டு அப்பாவுக்குத் தீராத தாகம் வந்தது. இரவில் பலமுறை எழுந்து போனார். நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொளத்தது. "ஊர்த் தண்ணியெல்லாம் அளக்கிற மனுசருக்கு வூட்டுப் பானை பத்தலையா?" என்று அம்மா கேலி செய்தார். குளியலறை ஓரத்தில் எறும்பு மொய்த்ததும் கேலி நின்றது.

"இது இனிப்புநீருங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க."

"எறும்பு டாக்டருக்குப் படிச்சிருக்கா? வேலயப் பாரு" என்றார் அப்பா.

ஒருநாள் மாலை சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்தபோது சிமெண்டுத் தரையில் இரத்தச் சுவடு பதிந்தது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி பாதத்தில் ஏறியிருந்தது. "வலிக்கலையா?" என்று அம்மா கேட்டார். "என்னா வலி?" என்றார் அப்பா. மறுநாளே அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மருத்துவமனையில், புண்ணுக்குக் கட்டுப் போடும் உதவியாளரான டிரஸர் நீல மருந்தில் அப்பாவின் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறியது. சீனியும் டின் பாலும் கூடாது, தினமும் ஊசி போட வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் இரவு தோறும் கண்ணால் பார்த்துக் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

அதே சமயத்தில் பண்டார் ஹிலிரிலிருந்து எனக்கு ஒரு வரன் பேச்சு நடந்தது. வம்சத்து வியாதி என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? வெளியே மூச்சு விடக் கூடாது என்று அப்பா எங்களுக்குக் கட்டளை போட்டார். சீனி இல்லாமல் கொடுங்கள் என்று கேட்டால் ஏன் என்பார்கள். அதனால் போகிற வீடுகளில் எல்லாம் "வயிறு சரியில்ல" என்று தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார்.

அப்பாவின் தோட்டத்து நண்பர் முத்தையா மாமா அப்போது புக்கிட் பாருவில் இருந்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில் அப்பாவின் தகப்பனார் கால் வைக்காத வீடு அவருடையது. அங்கும் அப்பா டம்ளரைத் தொடாமல் எழுந்திருக்கிறார். மாமா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"பெரிய எடத்துல சம்பந்தம் பேசற. எங்க வூட்டுத் தண்ணி இப்ப கசக்குது. அப்படித்தானே?"

அப்பா திரும்ப உட்கார்ந்து அந்தத் தேநீரைக் குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் முதல் எல்லா வீடுகளிலும் பழையபடி குடித்தார். அடுத்த மாதத்துக்குள் காயம் வீங்கிச் சீழ் வைத்தது. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்தார். அதன்பின் அப்பா மாமா வீட்டு மீட்டரை வெளியில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினார். உள்ளே போனால்தானே மறுக்க வேண்டும்!

பெண் பார்க்க வந்த அன்று அம்மா அழைத்ததால் மாமாவும் வந்தார். நான் தட்டில் தேநீர் கொண்டுபோனேன். எல்லாரும் குடித்தார்கள். மாமா டம்ளரை வாங்கி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"குடிப்பா, ஆறுது" என்றார் அப்பா.

"வயிறு சரியில்லப்பா."

அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையிலேயே வேட்டியை விலக்கிக் காலை நீட்டிக் கட்டைக் காட்டினார்.

"பாரு. எனக்கு இனிப்புநீர். காலையே எடுக்கணும்னு சொல்றாங்க. பொண்ணு கல்யாணம் நின்னுடுமேன்னு மறைச்சேன். ஒன் வூட்டுத் தண்ணிய வேணாங்கிற ஆளாடா நான்?"

அப்பா அழுது நான் பார்த்தது அன்று மட்டுந்தான். மாமா டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மடையா! சொல்லியிருந்தா எம் பொஞ்சாதி தே ஓ கோசோங் போட்டுக் குடுத்திருக்க மாட்டாளா?" என்று கத்தினார். பாலும் சீனியும் இல்லாத அந்தக் கறுப்புத் தேநீருக்குத் தட்டுப்பாடா என்ன!

மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

அப்பாவுக்கு இரண்டு கால்விரல்கள் போயின, கால் பிழைத்தது. அதன்பின் தாகம், உடல் மெலிவு, ஆறாத புண், பாதத்தில் மதமதப்பு என்று யார் சொன்னாலும் சும்மா விடமாட்டார், உடனே மருத்துவமனைக்கு விரட்டுவார். அடுத்த வரன் ஜாசினிலிருந்து வந்தபோது வாசலிலேயே மறித்து, "எனக்கு இனிப்புநீர் இருக்கு. சம்மதம்னா உள்ள வாங்க" என்றார். வந்த அம்மாள், "எனக்கு இழுப்பு இருக்கு. நின்னுகிட்டுப் பேச முடியாது, நாற்காலி போடுங்க" என்றார். அவர்தான் என் மாமியார்.

அப்பாவுக்குக் கடைசியில் சிறுநீரகம் பழுதாயிற்று. நினைவு தப்பாமல், அம்மாவின் கையைப் பிடித்தபடி போனார்.

புண்ணுக்கு முகம் சுளிக்காமல் மருந்து வைத்த டிரஸர்களுக்கும், ஊசி போடச் சைக்கிளில் ஏற்றிப்போன முத்தையா மாமாவுக்கும், மலாய் மட்டுமே பேசும் மலாக்காச் செட்டி வம்சத்தவராய்த் தமிழ் பேச வராவிட்டாலும் அப்பாவுக்கென்று சீனியில்லாமல் தனியே சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு அம்மையாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்ற மாதம் எனக்கும் இனிப்புநீர் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தெரிந்துதான் இதை அச்சில் போடுகிறேன்.

மூத்த மகள்
காஜா பேராங், மலாக்கா