தலைகீழாக வந்த படம்

பெட்டி சூடாகும்வரை படக்காரர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். எஞ்சினைச் சோதிக்கும் அந்தப் பழைய பெட்டி அவர் இடுப்புயரம் இருக்கும். கீழே நான்கு சக்கரம், மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் திரை. சுவிட்சைப் போட்டதும் விழித்துக்கொள்கிற ரகமில்லை. அதுவரை டீயை ஆற்றிக்கொண்டு, வண்டிக்காரர் புலம்புவதைக் காதில் வாங்காதவர்போல் நிற்பார். திரையில் பச்சைக் கோடு நெளிந்த பிறகுதான் முகத்தில் களை வரும். "ம், இப்ப சொல்லுங்க," என்பார்.

கோட்டை அவர் படம் என்றுதான் சொல்வார். அதனால்தான் அந்தப் பெயர். பட்டறைக்கு எதிர்வீடு என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் அவர், மூடினால் அவருடைய சத்தம்.

புது வண்டிகளை அவர் மனைவி பார்க்கிறார். கையடக்கக் கருவி ஒன்றை வண்டியில் செருகி, நின்ற இடத்திலேயே கோளாறைச் சொல்லிவிடுவார். பழைய பெட்ரோல் வண்டிகள் மட்டும் கணவர் பக்கம் போகும். அந்தப் பெட்டிக்கு மனைவி வைத்த பெயர் 'மூத்தவ'. வேலை முடிந்து பூப்போட்ட போர்வையால் படக்காரர் அதை மூடும்போது, "நல்லா போத்திவிடுங்க, மூத்தவளைக் கொசு கடிக்கப் போகுது," என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவர் சிரிக்காமல் ஓரத்தை இழுத்துவிடுவார்.

கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் கோளாறு என்பது எப்போதும் அடுத்தவர் செய்து வைப்பது என்று உறுதியாக நம்புகிறவர். முன்னால் மாட்டிய மெக்கானிக், பெட்ரோல் ஊற்றிய பையன், ஓட்டியவர் என்று யாராவது ஒருவர் மாட்டுவார். போனிலேயே தீர்ப்பும் சொல்லிவிடுவார். இந்தக் குணம் எனக்குப் பிடிக்காது.

போன வாரம் ஒரு பழைய பெட்ரோல் டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் தம்பி. அக்கா பக்கவாட்டு மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் ஸ்டியரிங்கில் அந்த அக்காவைத்தான் பார்த்திருக்கிறேன். தெருவே ஒதுங்கி வழிவிடும்.

"சும்மா நிக்கும்போது நல்லா ஓடுது. கலப்பையை மாட்டினா திணறுது," என்றார் தம்பி. "பழைய இரும்புக்காரர் சாயங்காலம் எடுத்துக்க வர்றாரு. அக்காதான் ஒரு தடவை படம் பாத்துட்டு முடிவு பண்ணுன்னு ஒத்தக்கால்ல நிக்குறா."

"முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே."

"நீங்கதானே போன்ல சொன்னீங்க, ஓட்டுறவங்க சரியில்லன்னு. அதுக்கப்புறம் அக்காவை நான் ஏற விடுறதில்லண்ணே."

அக்கா கீழே இறங்கினார். எஞ்சின் மூடியை மட்டும் தடவிக்கொண்டு நின்றார்.

படக்காரர் கம்பிகளை மாட்டினார். நாலு சிலிண்டருக்கு நாலு கோடு மேலே எழும்ப வேண்டும். நாலும் கீழே தொங்கின. பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கம்பிகளைக் கழற்றி மாட்டினார். அப்படியேதான் தொங்கின. "மூத்தவளுக்குத் தலை சுத்துது போல," என்றார் மனைவி. பட்டறையில் நின்ற ஒரு பழைய காரில் மாட்டிப் பார்த்தபோது கோடுகள் நிமிர்ந்து நின்றன. பெட்டியில் குறை இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் டிராக்டருக்குள் குனிந்தார். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைப் பொறியாக்கித் தருவது காயில். மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். இந்த டிராக்டரில் பிளஸ் முனை. அதற்கேற்பக் காயிலின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும். மாட்டியவர் கைப்பழக்கத்தில் மற்ற வண்டிக்குச் செய்வதுபோலவே செய்துவிட்டார். பொறி வரும், பலம் இருக்காது. சும்மா நிற்கும்போது தெரியாது. பாரம் ஏறினால் மூச்சு வாங்கும்.

காயில் புதிது. உழவு தொடங்குமுன் அதை மாட்டிக் கொடுத்தவர் படக்காரரேதான். இது எனக்கு அவர் மனைவி காயிலையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

படக்காரர் ஸ்பேனரை எடுத்தார். கம்பியை மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பலாம். அந்தப் பச்சைக் கோட்டைப் படிக்க அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன். அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"கம்பியை நான்தான் தப்பா மாட்டிட்டேன். அக்கா மேல தப்பே இல்ல. கெடுத்ததும் நான், பழி போட்டதும் நான்."

தம்பி தரையைப் பார்த்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் கலங்கவில்லை.

"எங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? எஞ்சினைத் தின்னவள்னுதான் தெருவுல எனக்குப் பேரு. நான் ஏறினா வண்டி வீணாப்போயிடும்னு உழவுக்குக் கூப்பிட்டவங்ககூட இப்பக் கூப்பிடுறதில்ல. அவங்களுக்கெல்லாம் யாரு போய்ச் சொல்றது?"

படக்காரர் மறுபடி டிராக்டருக்குள் குனிந்தார். கம்பிகளை இடம் மாற்றினார். கோடுகள் நாலும் நிமிர்ந்தன. பக்கத்தில் செங்கல் ஏற்றி நின்ற ஒரு டிரெய்லரைக் கேட்டு வாங்கிப் பின்னால் மாட்டினார்கள். தம்பி இருக்கையைக் காட்டி, "நீயே ஏறுக்கா," என்றார். தெருக்கோடி மேட்டில் டிராக்டர் திணறாமல் ஏறி மறைந்தது.

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரரின் லாரி வந்து நின்றது. பட்டறைக்குப் பக்கத்து டீக்கடை நிறைய ஆட்கள்.

"அந்த டிராக்டர் எங்கப்பா? நல்ல வண்டின்னு கேள்விப்பட்டேன். யாரு அதைக் கெடுத்தது?"

"வேற யாரு, அந்தம்மாதான்," என்றது டீக்கடையிலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

படக்காரர் பட்டறையை விட்டு இறங்கி நடுத்தெருவுக்கு வந்தார். பிறகு, வகுப்பில் வாத்தியார் கேட்டதும் எழுந்து நிற்கும் பிள்ளையைப்போல, கிரீஸ் படிந்த வலது கையை நேராக மேலே தூக்கினார். சிரிப்பு அடங்கி, கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்து முடிக்கும்வரை அதை அவர் இறக்கவில்லை.