‘நீங்க விட்டுட்டீங்க, நான் விடல’: தனபாக்கியம் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் ரயிலில் வந்திறங்கிய சுப்பையா என்னைப் பார்த்ததும் நின்றார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் முன்பு குடியிருந்த வரிசையில் கடைசி வீட்டுக்காரர் அவர். “உங்களுக்குச் சேதி வந்துச்சாம்மா? தனபாக்கியம் அக்கா நேத்து சாயங்காலம் போயிட்டாங்க. மூணு நாள் காய்ச்சல்தான்” என்றார். கீரைக்காரியிடம் காசைக் கொடுத்தேன். கீரையை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் உடனே சட்டையை மாட்டினார். வாசலுக்கு வந்தால் எங்கள் டிரைவர் ஆறுமுகம் காரை ஏற்கெனவே வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. உள்ளே பேசியது காதில் விழுந்திருக்கிறது. மூன்று பேரும் கோலாலம்பூருக்குக் கிளம்பினோம்.

நம் மாதர் சங்கத்தில் அக்காவை எல்லாரும் அறிவீர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை அடிவாரத்தில் நாம் போடும் தண்ணீர்ப் பந்தலில், வெயில் ஏற ஏறக் குரலும் ஏறிக்கொண்டே போகும் அந்தக் குட்டையான அம்மாவை யார் மறப்பார்கள்? ஆனால் நான் எழுத வந்தது உங்களில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி. அக்கா இருந்தவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் கணவர் எழுதச் சொன்ன பிறகுதான் இப்போது எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோது எனக்கு ஆள் பழக்கமும் இல்லை, அடுப்புப் பழக்கமும் இல்லை. அம்பாங்கில் என் அம்மா என்னைச் சமையல் பக்கமே விட்டதில்லை. வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாள் நேரே என் சமையலறைக்குள் வந்து நின்றார். அடிபிடித்த குழம்பை எட்டிப் பார்த்தார். “இதை அவருக்கு ஊத்தப் போறியா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “அழாத. எனக்குப் பொய் சொல்ல வராது, அதான் கேட்டேன். என் வீட்டுல மீன் குழம்பு இருக்கு. இன்னிக்கு அதைக் கொடு. நாளைக்கு நீ வச்சதுன்னு சொல்லிக் கொடுக்கிற மாதிரி நாம வைப்போம்” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

அவர் கணவர் வைத்திலிங்கம் அண்ணன் ரயிலில் கார்டு. வாரத்தில் பாதி நாள் வண்டியோடு வெளியூரில் இருப்பார். அவருக்கு நெஞ்சுச் சளித் தொந்தரவு என்பதால் அக்கா ஓர் ஆடு வளர்த்தார். வீட்டுக்குப் போக மீந்த பாலை அக்கம்பக்கத்தில் குழந்தை உள்ள வீடுகளுக்கு விற்பார்.

என் கணவர் சாலை வேலைகளுக்குக் கல்லும் மணலும் கொடுக்கும் கண்டிராக்டர். அப்போதுதான் ஒரு கார் வாங்கியிருந்தார். பழைய கார்தான். மேலே மடக்கும் துணிக்கூரை. ஆனாலும் எங்கள் வரிசையில் அதுதான் முதல் கார். தினமும் காலையில் அதைத் துடைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பார்.

ஒரு மத்தியானம் ஆறுமுகம் அந்தக் காரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலோரமாக, பலா மர நிழலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அக்காவின் ஆடு கயிற்றை உருவிக்கொண்டு மதில்மேல் ஏறியிருக்கிறது. பலா இலைக்கு எட்டிப் பார்த்து, எட்டாமல், கூரைத்துணியைத் தரை என்று நினைத்துக் குதித்துவிட்டது. துணி கிழிந்தது. ஆடு உள்ளே விழுந்தது. வெளியே வர வழி தெரியாமல் உதைத்த உதையில் முன்கண்ணாடி நொறுங்கியது.

சத்தம் கேட்டு வரிசையே கூடிவிட்டது. கார் சீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்துப் பாதிப் பேர் சிரித்தார்கள். அக்கா ஓடி வந்தார். யாருக்காவது கண்ணாடி குத்தியிருக்கிறதா என்று முதலில் கேட்டார். அப்புறம் ஆட்டின் காலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என் கணவர் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, ஆட்டைக் கட்டினது நான். முடிச்சு சரியா விழல. இதுக்கு ஆகுற செலவு என்னோடது.”

“விடுங்கக்கா. வாயில்லாத ஜீவன், அதுக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டுக்குள்ள இதுக்குப் போய்க் காசு பேசுவாங்களா?” என்றார் என் கணவர்.

கூடியிருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் கோயிலில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, “கண்டிராக்டருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு” என்றார்கள். அக்கா மட்டும் அன்று சாயங்காலம் என்னிடம், “விட்டாச்சுன்னு சொல்லிட்டாரு. எனக்கென்னவோ நிம்மதியா இல்ல அம்பிகா” என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம் அது. தோட்டங்களில் வேலை இல்லாமல் போன ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவில் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்கும் வர வேண்டிய பணம் பல இடங்களில் நின்றுபோயிருந்தது. இதையும் சொல்லியாக வேண்டும்.

கார் பட்டறையிலிருந்து புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். ஆறுமுகத்தின் மனைவி ராக்கம்மா கைக்குழந்தைக்கு அக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்த பாலை நிறுத்திவிட்டாள். அதற்குப் பின் நடந்ததை ராக்கம்மாவே பல வருடம் கழித்து எனக்குச் சொன்னாள். அக்கா அவள் வீட்டுக்குத் தேடிப் போயிருக்கிறார்.

“பிள்ளைக்குப் பால் ஒத்துக்கலையா?”

“ஒத்துக்குதுக்கா. இப்ப கொஞ்சம் முடியல.”

“ஏன் முடியல? உன் புருஷன் வேலைக்குப் போறான்ல?”

ராக்கம்மா அழுதுவிட்டாளாம். கண்ணாடிக்கும் துணிக்கும் ஆன செலவை என் கணவர் ஆறுமுகத்தின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கத் தொடங்கியிருந்தார். மதிலோரமாகக் காரை நிறுத்தியது அவன் தப்பு என்பது அவர் கணக்கு.

“நான் சொன்னேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்க்கா. வேலை போச்சுன்னா கப்பல்தான். ஊருல எங்களுக்கு ஒண்ணுமே இல்ல.”

“உன் பேரையும் எடுக்க மாட்டேன், உன் புருஷன் பேரையும் எடுக்க மாட்டேன். நீ பாலை நிறுத்தாத.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதும் பின்பக்கமாக வருகிறவர் அன்று முன்வாசல் வழியாக வந்தார். என் கணவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் காபி கலக்க எழுந்தேன். “வேணாம் அம்பிகா, நீயும் உட்காரு” என்றார்.

“தம்பி, கண்ணாடிக்கும் துணிக்கும் எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க.”

என் கணவர் சிரித்தார். “அதான் அன்னிக்கே விட்டாச்சேக்கா.”

“நீங்க விட்டுட்டீங்க, நான் விடல.”

“நான் கேக்கலையே. அப்புறம் என்ன?”

“சரி. உங்க கைக்காசைப் போட்டுத்தான் சரி பண்ணினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடுறேன். இனி இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

என் கணவரிடம் கோபம் உண்டு, கணக்கு உண்டு. ஆனால் முகத்துக்கு நேரே பொய் சொல்லத் தெரியாது. அவர் வாய் திறக்கவில்லை. அக்காவும் அவசரப்படவில்லை. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். என் கணவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. அதுவரை எனக்குத் தெரியாது.

“யார் சொன்னா உங்ககிட்ட?” என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது.

“அதை விடுங்க தம்பி. நான் கேட்டேன். நீங்க பதில் சொல்லல. அவ்வளவுதான்.”

“நிறுத்தினது அவன்தானே? மதில் பக்கம் நிறுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

“நிழல் பாத்து நிறுத்தினான். வெயில்ல நிறுத்தியிருந்தா சீட்டு வெடிச்சுப்போச்சுன்னு அதுக்கும் கேப்பீங்க. கார் நின்ன இடத்துல நின்னுச்சு. குதிச்சது என் ஆடு.”

என் கணவர் எழுந்து உள்ளே போனார். போனவர் திரும்ப மாட்டார் என்றுதான் நினைத்தேன். பட்டறைக்காரச் சீனர் கொடுத்த ரசீதை எடுத்துக்கொண்டு வந்து அக்கா கையில் கொடுத்தார். அக்காவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. என்னிடம் நீட்டினார். கண்ணாடி, துணி, சீட்டுத் தோல் என்று நான் படித்தேன்.

“சீட்டா? சீட்டுக்கு நான் தர மாட்டேன்” என்றார் அக்கா. “அந்தக் கிழிசல் தீபாவளிக்கே இருந்துச்சு. அதுல உக்காந்துதான் நான் உங்களோட பத்துமலைக்கு வந்தேன். புடவை மாட்டிக்கிச்சு. என் ஆடு செஞ்சதுக்கு நான் தரேன். உங்க கார் செஞ்சதுக்கு நீங்க பாத்துக்குங்க.”

அவ்வளவு கோபத்திலும் என் கணவர் சிரித்துவிட்டார். பிறகு பேச்சு எளிதாக முடிந்தது. கண்ணாடியும் துணியும் அக்கா கணக்கு. மாதத் தவணையில் தருவார். எழுந்துகொண்டவர் வாசற்படியில் நின்று, “பிடிச்சது பிடிச்ச இடத்துக்கே போகட்டும் தம்பி. எப்படிக் கொடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே என் கணவர் ஆறுமுகத்தைக் கூப்பிட்டார். “சம்பளக் கணக்குல தப்பு நடந்துபோச்சு” என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். ஆறுமுகம் வாங்கிக்கொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

என் கணவருக்கு மனது ஆற நாளாயிற்று. அக்கா மாதம் பிறந்ததும் வந்து பணத்தை அவர் கையில்தான் கொடுப்பார். என்னிடம் கொடுக்க மாட்டார். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு வாங்குவார். ஒரு தடவை “போதும்க்கா, இதோட விடுங்க” என்றார். “இன்னும் இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். அத்தனை மாதமும் எங்கள் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். பின்பக்கம் வருவார், பேசுவார், என் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வார். தம்ளரை நீட்டினால் மட்டும் கையை எடுத்துவிடுவார்.

கடைசித் தவணை கொடுத்த அன்று என் கணவரே, “உக்காருங்கக்கா. காபி சாப்பிட்டுத்தான் போகணும்” என்றார். அக்கா உட்கார்ந்தார். “சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாப் போடு அம்பிகா. இன்னிக்குத்தான் இந்த வீட்டுக் காபி தொண்டையில இறங்கும்” என்றார். நான் உள்ளே போய் அடுப்பு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நான் அவரை மிக உயரத்தில் வைத்துப் பார்த்தது அதற்கும் அப்புறம்தான். ஒரு வெள்ளிக்கிழமை சங்கத்துப் பெண்கள் கூடியிருந்தோம். அந்த ஆட்டுக் கதையை யாரோ எடுத்துச் சிரித்தார்கள். “அத்தனை நஷ்டத்தையும் கண்டிராக்டர் ஒரு வார்த்தையில விட்டுட்டாரே. இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு?” என்றார் ஒருவர். எனக்குத் தலை நிமிரவில்லை. அக்கா பூக்கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், “ஆமா, நல்ல மனுஷன். கேட்டா நேரா நிப்பாரு” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அடிபிடித்த என் குழம்பை முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். ஒருவர் தலை குனியும்படி ஊரறியப் பேச மட்டும் அவருக்கு வாய் வராது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆள். வைத்திலிங்கம் அண்ணன் என் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பேச்சோடு பேச்சாக, “தங்கச்சி கல்யாணத்துக்கு நாகப்பட்டினம் போகணும்னு ரெண்டு வருஷமா கப்பல் காசு சேத்துக்கிட்டு வந்தா. மாசாமாசம் அதுக்கு எடுத்து வைக்கிற காசுதான் உங்க கார் தவணைக்குப் போச்சு. நான்கூட, அவரே விட்டுட்டாரே, உனக்கு என்னன்னு சத்தம் போட்டேன். கேக்கலையே. அடுத்த வருஷம்தான் போனா. கல்யாணத்தைத்தான் பாக்கல, பிள்ளையைத் தூக்கிட்டேன்ல, போதும்னா” என்றார்.

அண்ணனுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மனைவியின் பிடிவாதத்தை நினைத்துக்கொண்டு சொன்னார். என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியில், தூக்க வேண்டிய நேரம் வந்தபோது, ஆறுமுகம் யாரையும் கேட்காமல் முன்னால் போய்த் தோள் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் என் கணவர் நின்றார்.

திரும்பி வரும் வழியில் சங்கத்தின் சார்பில் அக்காவைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். “எதை எழுதப் போறே?” என்று கேட்டார். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே, “அந்தக் கார் விஷயத்தையே எழுது. என்னைப் பத்தியும் எழுது” என்றார். ஆறுமுகம் சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

தாராள மனது என்றால் நமக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். விட்டுக்கொடுத்தது எங்கே போய் யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அக்காவிடம் கற்றேன். என் வீட்டில் இப்போதும் கண்ணாடிக் குவளை உடைகிறது, வெளுக்கப் போட்ட புடவை கிழிந்து வருகிறது. பரவாயில்லை என்று நானும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, பின்கட்டில் வேலை செய்கிறவர்களிடம் போய், அதற்காக யாருக்காவது சம்பளத்தில் ஏதாவது பிடித்தார்களா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வருகிறேன்.