அப்பா பசியாறிய மத்தியானம்

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்க்கப் போனாலும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" என்பதுதான். சாப்பிட்டு ஏப்பம் விடுகிறவரிடமும் கேட்பார்கள். ஒரு வாய் விழுங்கவே திணறிய என் அப்பாவிடமும் கேட்டார்கள்.

அப்பா சிம்பாங் பூலாயில் கல் லோரி ஓட்டியவர். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பக்கவாதம் வந்து, கூடத்துக் கட்டிலில் விழுந்தார். பேச்சு போய்விட்டது. தாடை மட்டும், வாய் காலியாக இருந்தாலும், ஓயாமல் மென்றுகொண்டிருக்கும். செமோரிலிருந்து அவரைப் பார்க்க வந்த அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

"பாருங்க அண்ணி, அண்ணன் பசிக்குதுன்னு சொல்றாருலா! இப்படியா பட்டினி போட்டு வைப்பீங்க?"

அத்தை போனபிறகு அம்மா என்னிடம்தான் விவரம் சொன்னாள். சொல்ல வேறு ஆள் யார்? மெல்லும்போது தாடை ஆடுவது பெரிய காரியமில்லையாம். விழுங்குகிற நொடியில் அது மூடிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நில் என்ற சேதியை மூளைதான் நரம்பு வழியே அனுப்ப வேண்டும். அப்பாவுக்கு அது சரியாக வந்து சேர்வதில்லை. நிற்பதற்குள் அடுத்த கரண்டியைக் கொடுத்தால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அதன்பிறகு அம்மா ஊட்டும்போதெல்லாம் நான் எதிரே உட்கார்ந்து தாடையையே பார்ப்பேன். ஒரு வாய்க் கஞ்சி இறங்குவதற்குள் கிண்ணத்துக் கஞ்சி ஆறிப்போகும். எனக்கு அப்பாமேல் எரிச்சல்கூட வரும். அத்தையை நினைத்தால் அதைவிட அதிகமாக வரும்.

ஒரு மத்தியானம் அம்மா கஞ்சியை மறுபடி சூடு பண்ண அடுப்படிக்குப் போயிருந்தாள். அப்பாவின் தாடை மெதுவாக அசைந்தது, பிறகு நின்றது. அவ்வளவு அமைதியாக அது நின்று நான் பார்த்ததில்லை. திரும்ப ஆடுமோ என்று காத்திருந்தேன். ஆடவில்லை.

"அம்மா, அப்பா விழுங்கிட்டாரு!"

அம்மா சிரித்துக்கொண்டேதான் வந்தாள். அப்பாவின் முகவாயைத் தொட்டாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அத்தைக்கு நானே போன் போட்டேன். "அத்தே, அப்பா நல்லா பசியாறிட்டாரு. இனிமே அம்மாவ ஏசாதீங்க" என்றேன்.