‘டு’வா ‘இங்’கா என்று அந்தோனியாரிடம் கேட்டேன்

அன்பான சகோதர சகோதரிகளே, எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. தணிந்த பிறகு எழுதலாம் என்றால் இந்தச் சாட்சியை என் அடக்கத்தன்றுதான் நீங்கள் வாசிக்க வேண்டியிருக்கும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் சவரிமுத்து. ஆவூர்ப் பக்கத்து ஆள், இப்போது திருக்கோகர்ணத்தில் குடியிருக்கிறேன். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். போன வருடம் பள்ளி இங்கிலீஷ் மீடியம் ஆனது. ஆகட்டும். ஆனால் எல்லா ஆசிரியர்களும் இங்கிலீஷ் இலக்கணத் தேர்வு எழுத வேண்டும், தேறாதவர்களுக்கு ஜூனில் வேலை இல்லை என்றது நிர்வாகம். முக்கோணத்துக்கு எதற்கய்யா இலக்கணம்? ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? சோறு இறங்கவில்லை.

மற்றதெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறிற்று. ஒரு பாடம் மட்டும் வாசலிலேயே நின்றது. இரண்டு வினைச்சொல் சேர்ந்து வந்தால் இரண்டாவதற்கு முன்னால் ‘டு’ போடுவதா, பின்னால் ‘இங்’ போடுவதா? ‘வான்ட்’ வந்தால் ‘டு’வாம். ‘என்ஜாய்’ வந்தால் ‘இங்’காம். ஏன் என்றால் அது அப்படித்தானாம். இதில் ‘ஸ்டாப்’ என்று ஒரு கிராதகன். ‘ஸ்டாப் ஸ்மோக்கிங்’ என்றால் பீடியை விட்டுவிட்டான். ‘ஸ்டாப் டு ஸ்மோக்’ என்றால் பீடி பிடிக்கத்தான் நின்றிருக்கிறான். ஒரே ஆள் ஒரு பக்கம் திருந்திவிட்டான், இன்னொரு பக்கம் பெட்டிக்கடையில் நிற்கிறான்! தமிழில் நீந்தப் பிடிக்கும் என்றாலும் நீந்துவது பிடிக்கும் என்றாலும் யாரும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை.

ஒரு மாதிரித் தேர்வு கொடுத்து, வீட்டில் எழுதி வரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முடிவு தெரியாத காரியத்துக்குத் திருவுளச்சீட்டுப் போடுவது வழக்கம். மகளுக்குப் பெயர் வைத்ததே அப்படித்தான். ஒரு சீட்டில் ‘டு’, ஒரு சீட்டில் ‘இங்’ எழுதி அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடி எடுத்தேன். அவ்வளவு பக்தியோடு யாரும் இலக்கணம் எழுதியிருக்க மாட்டார்கள்.

தலைமை ஆசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், கண்ண மூடிக்கிட்டு எழுதுனாக்கூட பாதி வந்திருக்குமே?”

கண்ணை மூடிக்கொண்டுதானே எழுதினேன்! நிகழ்தகவு நடத்துகிறவன் நான். என்னை நிகழ்தகவே கைவிட்டது.

நேரே கோவிலுக்குப் போனேன். முழங்கால்கூடப் போடவில்லை. “கோடி அற்புதராம்! ஒரு ‘டு’ சரியாப் போட முடியலையா ஒமக்கு?” என்று சத்தம் போட்டேன். சுரூபம் வாய் திறக்கவில்லை. பின்னால் வந்து நின்ற என் மனைவி மேரி திறந்தாள்.

“ஏங்க, அவரு தொலைஞ்சு போனதத் தேடிக் குடுக்குற சாமி. நீங்க இங்கிலீஷ எப்பங்க வச்சிருந்தீங்க, தொலைக்கிறதுக்கு?”

சுருக்கென்றது. தொலைக்காததைத் தேடிப் பயனில்லை, முதலில் சம்பாதிக்க வேண்டும். ஆனால் அந்த நிமிடம்தான் என் செபம் கேட்கப்பட்டது என்று நான் விசுவசிக்கிறேன்.

அன்று சாயங்காலம் குடும்பச் செபமாலை முடிந்து மாதா பிரார்த்தனை ஓடியது. மாதாவின் பட்டங்களை மேரி ஒவ்வொன்றாக முன் சொல்ல, நானும் மகளும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொன்னோம். இத்தனை பட்டங்களும் எனக்குப் புத்தகம் இல்லாமல் வருகிறதே, எப்படி? தினம் தினம் வாயால் சொல்லி வந்தது. ஆமென் சொன்ன கையோடு மேரியிடம் வினைச்சொல் பட்டியலைக் கொடுத்தேன்.

“அவாய்ட்” என்றாள் ராகத்தோடு. “இங்” என்றேன். “ஹோப்.” “டு.” “ஃபினிஷ்.” “இங்.” ‘ஸ்டாப்’ வந்தால் மட்டும் “ரெண்டும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மகள் சிரித்துச் சிரித்துப் பாயில் உருண்டாள்.

தினமும் இது நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கோவில் நிறையச் சனம் இருக்க, மாதா பிரார்த்தனையில் “ஞானத்திற்கு இருப்பிடமே” என்று சாமியார் முன் சொன்னார். “இங்!” என்று நான் பதில் போட்டேன், உரக்க. சாமியார் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மேரி முக்காட்டுக்குள் போய்விட்டாள்.

தேர்வில் கேள்வியைப் பார்த்ததும் மேரியின் ராகம்தான் காதில் கேட்டது. எழுதினேன். தேறினேன். ஆண்டவருக்குத் தோத்திரம்.

ஆனால் எங்கள் விளையாட்டு வாத்தியார் ஜபருல்லா தேறவில்லை. விசில் ஊதுகிற மனுசனுக்கு ‘டு’ என்ன, ‘இங்’ என்ன? மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்றார்கள். நன்றி செலுத்தக் கோவிலுக்குப் போனவனுக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை மட்டும் கரையேற்றினால் எப்படி?

திரும்பும் வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். “சாயங்காலம் வாங்க பாய். எங்க வீட்ல ஒரு பிரார்த்தனை இருக்கு, அதுல சாமியே கெடையாது.”

“அப்ப தைரியமா வாரேன் சார். மகுரிப் தொழுதுட்டு வரட்டுமா?”

வந்தார். மேரி முன் சொல்ல, மைதானத்தில் கத்திப் பழகிய அந்தக் குரலில் அவர் பதில் சொன்னபோது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. மாதக் கடைசியில் அவரும் தேறினார். அன்றுதான் அந்தோனியார் முன் முழங்கால் போட்டேன். சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. சண்டை போட்டதால்தானே மேரி வாய் திறந்தாள்.

சகோதரரே, உங்களுக்கும் ஒரு காரியம் மண்டையில் ஏறவில்லையா? கோபத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் தாங்குவார். அவர் பதில் உங்கள் வீட்டு ஆள் வாயிலிருந்தே வரக்கூடும், காது கொடுங்கள். இங்கிலீஷ்தான் பிரச்சினை என்றால் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ‘டு’ பக்கம் நான் உட்காருகிறேன், ‘இங்’ பக்கம் பாய் உட்காருவார். நடுவில் இடம் இருக்கிறது.